மிச்சம் யாருடையது?



பெட்ரோல் பங்க்குகளுக்கு டேங்கர் லாரி ஓட்டும் ஒருவர் கேட்ட கேள்வி இது. "சாமி, பங்க்கில் லோடு இறக்கி முடிந்த பிறகும் வண்டியின் அடியிலும் குழாயிலும் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். அதை வாளியில் வடித்துக்கொள்வது எங்களில் சிலருக்குப் பழக்கம். பங்க்காரர் வண்டி காலி என்று கையெழுத்துப் போட்ட பிறகு நிற்கிற மிச்சந்தானே? அதை எடுத்தால் களவா?"

கேள்வி சிறியதாகத் தோன்றும். வாளியும் சிறியதுதான். ஆயினும் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிட்டால், அந்த மனிதரின் மனச்சாட்சிக்கு நாம் நியாயம் செய்தவர்களாக மாட்டோம். துணிந்து களவு செய்கிறவன் வந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டான். கேட்கிறவருக்கு உள்ளே எங்கேயோ உறுத்துகிறது. அந்த உறுத்தல் எதனால் என்று அவரோடு சேர்ந்து தேடிப் பார்ப்போம். லாரி ஓட்டாதவர்கள், இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தையற்காரரிடம் துணி மிஞ்சுகிறது. தட்டாரிடம் பொன்தூள் மிஞ்சுகிறது. அரிசி ஆலையில் தவிடும் குருணையும் மிஞ்சுகின்றன. மிச்சம் இல்லாத தொழில் அநேகமாக இல்லை.

முதலில் டேங்கர் தொழிலைத் தெரிந்துகொள்வோம். சென்னை மணலியில் 1969-இல் ஓடத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையிலிருந்து பெட்ரோலும் டீசலும் பூமிக்கடியில் குழாய் வழியாகவே திருச்சி, சங்ககிரி, மதுரைப் பக்கங்களுக்குப் போகின்றன. குழாய் முடிகிற இடத்தில் லாரி தொடங்குகிறது. சங்ககிரியில் லோடு ஏற்றிய வண்டி கள்ளக்குறிச்சிக்கு வருவதானால் சேலம், ஆத்தூர், சின்னசேலம் கடந்து வர வேண்டும். வண்டியின் மேலிருக்கும் உருளை ஒரே பாத்திரம் அன்று. உள்ளே தடுப்பு வைத்து மூன்று நான்கு அறைகளாகப் பிரித்திருக்கும். 12,000 லிட்டர் கொள்ளும் வண்டியும் உண்டு, 20,000 லிட்டர் கொள்ளும் வண்டியும் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் மேலே ஒரு மூடி, அடியில் ஒரு வால்வு. டிப்போவிலேயே அவற்றைப் பூட்டி அனுப்புகிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை ஜிபிஎஸ் கருவி கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

பங்க்கில் வந்து நின்றவுடன் இறக்கிவிட முடியாது. உள்ளே எண்ணெய் அசைவடங்கும்வரை சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். எர்த் கம்பியை மாட்ட வேண்டும். எண்ணெய் குழாயில் ஓடும்போது எழும் மின்னூட்டம் ஒரே ஒரு பொறியாகத் தெறித்தாலும் எல்லாம் முடிந்தது. பிறகு பங்க்காரர் மேலேறி, அளவுகோல் விட்டு மட்டம் பார்த்து, அடர்த்தியும் பார்த்து, இன்வாய்ஸோடு ஒப்பிட்டு, இறக்கலாம் என்பார். அதற்கு பம்ப் கிடையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதுபோல், லாரியிலிருந்து நிலத்தடித் தொட்டிக்கு எண்ணெய் தானாக இறங்கும்.

இங்கேதான் நம் கேள்வி பிறக்கிறது. தானாக இறங்குவதென்றால், தரை சாய்ந்திருக்கும் பக்கத்தில் கொஞ்சம் தேங்கும். வளைந்து கிடக்கும் ஹோஸின் வயிற்றில் கொஞ்சம் நிற்கும். வால்வுக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள குழாய்த்துண்டில் கொஞ்சம். அறைக்கு இரண்டு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு அறைக்குப் பத்து லிட்டர் ஆகிவிடும். லிட்டர் நூறு ரூபாய் அளவில் விற்கும் காலத்தில் அது ஆயிரம் ரூபாய். பூட்டும் ஜிபிஎஸ்ஸும் இந்த ஆயிரம் ரூபாயைக் காணமாட்டா. அவை காவல் காப்பது வழியை. மிச்சம் பிறப்பதோ பூட்டைத் திறந்த பிறகு, பட்டப்பகலில், எல்லோர் கண்ணெதிரிலும்.

மிச்சத்தை எடுக்கலாம் என்பதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் மிகப் பழையது கதிர் பொறுக்கும் நியாயம். அறுவடை செய்கிறவன் வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்கக்கூடாது, சிந்திய கதிரைப் பொறுக்கத் திரும்பி வரக்கூடாது, அது ஏழைக்கும் பரதேசிக்கும் உரியது என்பது மோயீசன் காலத்துச் சட்டம். ரூத் என்ற கைம்பெண் அப்படிப் பொறுக்கித்தான் மாமியாரைக் காப்பாற்றினாள். நம் பக்கத்திலும், கடலை பிடுங்கிய கொல்லையிலும் மரவள்ளி பிடுங்கிய காட்டிலும் மண்ணைக் கிளறித் தவறியதைப் பொறுக்குகிற பெண்களை எவரும் கள்ளி என்று சொல்வதில்லை. அவ்விதமிருக்க லாரிக்காரருக்கு மட்டும் ஏன் தடை?

வேற்றுமை இருக்கிறது. கதிரைச் சிந்தவிட்டவன் நிலக்காரன்; பொறுக்குகிறவள் அல்ல. அவள் கட்டைக் குலுக்கி மணியை உதிர்ப்பதில்லை. சிந்தியதை நிலக்காரனும் பார்க்கிறான், பொறுக்குவதையும் பார்க்கிறான். பொறுக்குகிறவளே அறுக்கிறவளாகவும் இருந்து, இன்றைக்குப் பொறுக்க இத்தனை படி வேண்டும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு அரிவாளை வீசினால், அந்த வயலில் சிந்துவது என்னவாகும்?

லாரியில் இருக்கும் ஆபத்து அதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துவதும் சாய்வில் நிறுத்துவதும் ஓட்டுநர் கையில் இருக்கிறது. ஹோஸை ஒரு முனையிலிருந்து தூக்கிக்கொண்டே நடந்து, உள்ளே நிற்பதைத் தொட்டிக்குள் வடியவிடுவது இரண்டு நிமிட வேலை. அதைச் செய்வதும் விடுவதும் ஓட்டுநர், கிளீனர் கையில். மிச்சம் எவனுக்குப் போய்ச் சேருமோ, மிச்சம் எவ்வளவு என்பதும் அவன் கையிலேயே இருக்கிறது. முதல் மாதம் தானாக நின்ற இரண்டு லிட்டரை எடுத்தவன், ஆறாம் மாதம் ஐந்து லிட்டர் நிற்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தக் கற்றுக்கொள்கிறான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மிஞ்சுவது வேறு, மிஞ்சவைப்பது வேறு. ஆனால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போகிற வழியில் வேலியும் கிடையாது, சுங்கச்சாவடியும் கிடையாது. நம் நண்பருக்கு உறுத்துவது வாளியில் உள்ள எண்ணெய் அன்று என்றே நினைக்கிறோம். வண்டியை நிறுத்தும்போது தரையை எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், அதுதான் உறுத்துகிறது.

பங்க்காரரே மனமுவந்து, எடுத்துக்கொள்ளப்பா என்று சொன்னால்? அப்போது அது களவு அன்று, கொடை. ஆனால் அவர் எதைத் தெரிந்துகொண்டு சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். இரண்டு லிட்டர் என்று நினைத்துச் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு பத்து லிட்டரை எடுத்தால், எட்டு லிட்டருக்கு அவர் சம்மதம் இல்லை. வாளியை அவர் கண்முன்னே பிடித்து, அளவையும் அவரிடம் சொல்ல முடிகிறதா? முடிகிறதென்றால் இந்தக் கட்டுரை அவருக்கு வேண்டியதில்லை.

இந்த வழியின் கோடி எப்படியிருக்கும் என்பதை மகாராஷ்டிரத்தில் ஒருநாள் நாடு பார்த்தது. 2011 ஜனவரி 25-ஆம் தேதி, மன்மாட் என்னும் ஊருக்கு அருகே, யஷ்வந்த் சோனவணே என்ற கூடுதல் கலெக்டர் காரில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில் எண்ணெய்க் கம்பெனிகளின் டிப்போ. சாலையோரத் தாபா அருகே டேங்கர்கள் நிற்பதைக் கண்டு, எண்ணெய்க் கலப்படமோ திருட்டோ நடக்கிறதென்று சந்தேகித்து, இறங்கி விசாரித்தார். அவரை அங்கேயே எண்ணெய் ஊற்றி உயிரோடு எரித்தார்கள். குடியரசு நாளுக்கு முந்தின நாள் அது. வாளி பிடிக்கிற ஓட்டுநர் கொலைகாரராகிவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது அபாண்டம். ஆனால் தாபாவில் வாங்கக் காத்திருக்கும் வியாபாரிகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். சின்னச் சின்ன வாளிகள் நாள்தோறும் வந்து சேர்ந்தால்தான் அவர்களுக்குக் கடை.

பத்து லிட்டர் போனால் பங்க்காரர் ஏழையாகிவிட மாட்டார் என்பது அடுத்த நியாயம். வாஸ்தவம், பங்க்காரர் பெரும்பாலும் ஏழை அல்லர். ஆனால் நஷ்டம் விழுந்த இடத்திலேயே கிடப்பதில்லை. அதுவும் எண்ணெயைப்போல் கீழ்நோக்கித்தான் இறங்கும். லோடுதோறும் பத்து லிட்டர் குறைகிற பங்க்காரருக்கு அதை எங்கே சரிக்கட்டலாம் என்று தோன்றும்? பம்பின் முனையில். 5 லிட்டர் அளந்தால் 25 மில்லிவரை கூடவோ குறையவோ இருக்கலாமென்று சட்டம் இடம் விட்டிருக்கிறது. அது இயந்திரத்தின் பிழைக்காக விட்ட இடம். அதை முழுதும் தன் பக்கமே சாய்த்துக்கொள்ளும் ஆசை அங்கே பிறக்கும். கச்சிராயபாளையத்தில் மொபெட்டுக்கு ஐம்பது ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வெள்ளிமலைக்கு மேலேறுகிற கூலிக்காரர்தான் கடைசியில் அந்த வாளியை நிரப்பியவராகிறார். நஷ்டத்தைத் தள்ளிவிட அவருக்குக் கீழே யாரும் இல்லை. (முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும், அளந்து காட்டும்படி கேட்க எவருக்கும் உரிமை உண்டு. கேட்கிறவர்கள்தான் குறைவு.)

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் ஓட்டுநர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். குறைந்ததெல்லாம் களவு அன்று. பெட்ரோல் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாற்றம் உண்டு. பத்து டிகிரி வேறுபாடு இருந்தால் 12,000 லிட்டரில் நூறு லிட்டருக்கும் மேல் வித்தியாசம் காட்டும். சித்திரை மாதத்து உச்சிவெயிலில் ஏற்றிய லோடு விடியற்காலையில் இறங்கினாலும், கீழ்நாட்டில் ஏற்றியது மலைக்காற்றில் இறங்கினாலும் அளவுகோலில் மட்டம் தாழ்ந்துதான் நிற்கும். ஒரு துளியும் எங்கும் போகவில்லை. சுருங்கிய எண்ணெய்க்கு அடர்த்தி கூடியிருக்கும். வெப்பநிலையைப் பார்த்து அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றிக் கணக்கிட்டால் டிப்போவில் இருந்ததும் இங்கே இருப்பதும் ஒன்றே என்று தெரிந்துபோகும். அந்தக் கணக்குக்கான அட்டவணை பங்க்கிலேயே இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்காமல், வழியில் எங்கேயப்பா நிறுத்தினாய் என்று நாலுபேர் முன்னால் கேட்கிற பங்க்காரரும் ஒன்றைத் திருடுகிறார். எண்ணெயைத் திருடியவன் அளந்து திருப்பிக் கொடுக்கலாம். ஒரு மனிதனின் நற்பேரை எந்தப் பாத்திரத்தால் அளந்து திருப்புவது? எடுக்காதபோதும் திருடன் என்கிறார்கள், எடுத்துவிட்டே பெயர் வாங்குவோம் என்று ஓட்டுநர்களை நினைக்கவைத்ததில் இப்படிப்பட்ட கேள்விகளுக்கும் பங்கு உண்டு.

மிச்சம் யாருக்கும் உரியதல்ல என்ற எண்ணத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2017 ஜூன் 25-ஆம் தேதி பாகிஸ்தானில், பஹாவல்பூரை அடுத்த அகமத்பூர் ஷர்கியா என்ற ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. ரம்ஜான் பெருநாளுக்கு முந்தின நாள். அக்கம்பக்கத்துக் கிராமத்தார் கையில் கிடைத்த பாத்திரங்களோடு ஓடிவந்தார்கள். மண்ணுக்குப் போகிறதை எடுத்தால் யாருக்கு நஷ்டம்? எண்ணெய் தீப்பற்றியது, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களைக் கள்ளர் என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவர்கள் செய்தது கதிர் பொறுக்குவதற்கு வெகு அருகில் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் கதிர் அன்று. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்துபோய், எட்டத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். பத்து லிட்டர் கேனைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, அதே வீட்டில் அடுப்பு மூட்டி, சாமி படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுகிற குடும்பம் எதை வைத்துக்கொண்டு உறங்குகிறது என்பதை அந்த வீட்டுத் தாய்மார் யோசிக்கட்டும்.

டேங்கரின் உடலில் ஒரு பலகை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் 1203 என்று ஓர் எண். உலகம் முழுவதும் பெட்ரோலுக்கு அதுதான் எண். வண்டி கவிழ்ந்தால் தீயணைப்புப் படையினர் எட்ட நின்றே உள்ளிருப்பது என்னவென்று தெரிந்துகொள்வதற்காக எழுதியது. இப்படிப்பட்ட சரக்கை ஓட்டுகிறவர் தனிப் பயிற்சி பெற்று, உரிமத்தில் அதற்கான குறிப்பும் வாங்கியிருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆக, வண்டியில் இருக்கும்வரை அந்த எண்ணெய்க்கு ஓர் எண் உண்டு, இன்வாய்ஸ் உண்டு, பொறுப்பேற்கும் ஓர் ஆள் உண்டு. வாளிக்கு வந்தவுடன் மூன்றும் போய்விடுகின்றன.

மெத்தனால் என்ற திரவத்துக்கு எண் 1230. கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியதுதான் வித்தியாசம். அந்தப் பெயரைச் சொன்னதும் நம் ஊரில் எவருக்கும் நினைவு வருவது 2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்பார்வை போனவர்களும் உண்டு. ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டியதைப் பார்த்தவர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தின வருஷம் மே மாதத்தில்தான் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் இதே துயரம் நடந்திருந்தது. கள்ளக்குறிச்சி வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 நவம்பரில் சி.பி.ஐ. விசாரணைக்கு மாற்றியது. யார் குற்றவாளி என்று சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. நாம் பார்க்க விரும்புவது வேறு. மெத்தனால் விஷச்சாராயமாகப் பிறப்பதில்லை. பெயின்ட், பிசின், மருந்து முதலிய தொழில்களுக்கு வேண்டிய சரக்காகவே பிறக்கிறது. எண்ணும் உரிமமும் கணக்கும் உள்ள சரக்கு. எங்கேயோ, எந்தக் கையிலோ, அது கணக்கைவிட்டு வெளியே வருகிறது. அதற்குப் பிறகு வாங்கினவனும் விற்றவனும் சுமந்தவனும், இது எங்கிருந்து வந்தது எனக்குத் தெரியாது, எங்கே போகிறது அதுவும் தெரியாது என்று சொல்லிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது.

வாளிப் பெட்ரோலையும் அந்த விஷத்தையும் ஒன்றாக வைத்துப் பேசுவது மிகை என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். பாவத்தின் பருமனில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயினும் சாக்கு ஒன்றுதான். நான் ஊற்றிக் கொடுத்தேன், அவன் எதற்கு வாங்கினான் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மெய்யே. தெரியாதபடி செய்தது யார் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டுமல்லவா?

இனி, அந்த நண்பர் வாயைத் திறந்து கேட்காமல், கண்ணால் மட்டும் கேட்ட கேள்விக்கு வருகிறோம். சம்பளமும் பேட்டாவும் போதவில்லை. இரவும் பகலும் முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டாயிரம் லிட்டர் நெருப்பைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிறவர், அதற்குரிய கூலி வரவில்லை என்றால், வராததை வாளியில் எடுத்துக்கொள்ளக் கூடாதா? இந்தக் கேள்வி புதிதல்ல. வேலைக்காரர் தம் உழைப்புக்குச் சம்பளம் குறைவென்று தாங்களே தீர்மானித்து, எசமானுக்குத் தெரியாமல் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற கருத்து ஒருகாலத்தில் சில சாஸ்திரிகளிடையே உலவிற்று. பதினோராம் இன்னோசென்ட் பாப்பரசர் 1679-இல் அதைக் கண்டித்து விலக்கினார். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக உட்காருகிறவன், தனக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதில் என்றைக்கும் குறைத்துச் சொல்லமாட்டான். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பட்டினியால் சாகக் கிடப்பவனின் காரியம் வேறு. உயிர்போகும் தேவையில் ஒருவன் பிறர் உணவை எடுத்தால் அது களவாகாது என்பது அர்ச். தோமாஸின் போதனை. பேட்டா குறைவை அந்த வரிசையில் சேர்க்க முடியாது.

ஏழையைக் கண்டித்தாயிற்று, முதலாளியை விட்டுவிட்டீர்களே என்பீர்கள். விடவில்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய 'ரேரும் நோவாரும்' என்ற நிருபம் மறுபக்கத்தைப் பேசுகிறது. தொழிலாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது. சிக்கனமாக வாழ்கிற ஒருவனுக்கே போதாத கூலியை, வேறு வழியின்றி அவன் ஒப்புக்கொண்டிருந்தால் அது பலவந்தம் என்பது அதன் சாரம். நம் மலைக்கு இது புத்தகத்தில் மட்டும் உள்ள விஷயம் அன்று. கல்வராயன் மலையூர்கள் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தன. ஜாகீர்தாருக்கு மலையாளிகள் கூலியில்லாமல் உழைத்துக் கொடுக்கும் வழக்கம் 1976-இல்தான் ஒழிந்தது. அங்கே எவரும் வாளி பிடிக்கவில்லை. மனிதர்களின் நாட்களையே வடித்து எடுத்தார்கள். அதற்குப் பெயர் மாமூல்.

அதே மாமூல் வேறு உடுப்பில் இன்று லாரித் தொழிலுக்குள் நுழையப் பார்க்கிறது. கம்பெனியின் டெண்டரில் வாடகையைக் குறைத்துப் போட்டு ஒப்பந்தம் பிடிக்கும் வண்டி முதலாளி, அந்தக் குறைவை ஓட்டுநரின் சம்பளத்தில் தள்ளிவிட்டு, மிச்சத்தில் பார்த்துக்கொள் என்று கண்ணடிப்பாரானால், தாம் கொடுக்க வேண்டிய கூலியைப் பங்க்காரரின் எண்ணெயிலிருந்து கொடுக்கிறார். இதைத் தாராள குணம் என்று எண்ணிக்கொள்ளும் முதலாளிகளும் இருப்பார்கள். அகப்பட்டுக்கொண்டால் வேலையும் பெயரும் போவது ஓட்டுநருக்கு. முதலாளியின் கண் எப்போது அடித்தது என்பதற்குச் சாட்சி இல்லை. எண்ணெயை மிஞ்சவைக்கிறவன் கையில் வாளியாவது தெரிகிறது. கூலியை மிஞ்சவைக்கிறவன் கையில் ஒன்றும் தெரிவதில்லை. கூலியைக் கேட்டு வாங்க வேண்டிய வழி பலபேர் சேர்ந்து கேட்பது. அது வாளியைவிட மெதுவான வழிதான்; அதற்குச் சங்கம் வேண்டும், தைரியம் வேண்டும், சில நாள் வருமானத்தை இழக்கவும் வேண்டும். ஆனால் மிச்சத்தால் வாயடைக்கப்பட்டவர்களால் அதைக் கேட்கவே முடியாது. முதலாளிக்கு வேண்டியதும் அதுவே.

இதுவரை எடுத்ததற்கு என்ன செய்வது என்றும் கேட்டார். பிறர் உடைமை உடையவரிடமே திரும்ப வேண்டும். அடிக்கடி லோடு இறக்கிய பங்க் எது என்று தெரியும். நினைவுக்கு எட்டிய மட்டும் கணக்கிட்டு அங்கே சேர்த்தால் போதும். பெயரைச் சொல்லிக்கொண்டு போய் நின்று, வேலையை இழக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பட்டினி போட்டு ஒரே மாதத்தில் அடைக்கவும் வேண்டாம்; கொஞ்சங் கொஞ்சமாக, உறையில் வைத்து அனுப்பலாம். பல ஊர், பல வருஷம், யாருடையதென்றே தெரியவில்லை என்றால் அந்தப் பகுதியை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். கோவில் உண்டியலில் போட்டுவிடட்டுமா என்றார். உடையவர் யாரென்று தெரிந்திருக்கும்போது போடக்கூடாது. அது பங்க்காரர் பணத்தில் கோவிலுக்குத் தருமம் செய்வதாகும்.

வாளியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. ஹோஸை வடியவிட்ட பிறகும் வால்வடியில் நிற்கும் கடைசித் துளிகளைப் பங்க்காரர் பார்க்கப் பிடித்து, அவருடைய தொட்டியிலேயே ஊற்றிவிட அது வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் வாளியாக மட்டும் இருக்கவேண்டாம்; பெட்ரோல் ஊற்றும்போது அதில் மின்னூட்டம் சேரும்.